ஊசியைத் தேய்க்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என்னோடு ஒரே அலுவலகத்தில் பல ஆண்டுகள் குப்பை கொட்டிய நண்பர் ஒருவர் போன் செய்தார். தன் அம்பாசிடரைக் கொடுத்துவிடப் போகிறாராம்.

"புது பெட்ரோல் வந்ததுலேர்ந்து வண்டி இழுக்கவே மாட்டேங்குதுப்பா. திண்டிவனம் போறதுக்குள்ள டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்குப் போயிடுது. மெக்கானிக்கு கார்புரேட்டரையே தூக்கிப் போட்டுட்டு வேற கம்பெனி கார்புரேட்டர் மாட்டலாம்ங்கிறான். பையன் என்னடான்னா பழைய இரும்புக்குப் போட்டுடுங்கங்கிறான். நீ என்ன சொல்ற?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன். "கார்புரேட்டருக்குள்ள இருக்கற ஊசியில என்ன எழுத்து போட்டிருக்கு?"

"ஊசியில எழுத்தா?" என்றார் நண்பர். நாற்பது வருடமாக அந்த வண்டியை வைத்திருப்பவர்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த எழுத்து வெளியில் தெரியாது. ஊசியின் தடித்த காம்பில் பொறித்திருப்பார்கள். அந்தக் காம்பு பிஸ்டனுக்குள் செருகி மறைந்திருக்கும். கழற்றிப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். கழற்றிப் பார்த்தவர்களிலும் பாதிப் பேர் அதைப் பார்ப்பதில்லை. பழைய வண்டி வைத்திருக்கும் என் வயதுக்காரர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: வண்டி இழுக்கவில்லை, சூடாகிறது என்றால் கார்புரேட்டரைத் தூக்கிப் போடாதீர்கள், வண்டியையும் தூக்கிப் போடாதீர்கள். ஊசியை மாற்றுங்கள். எமரி பேப்பரால் தேய்க்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.

முதலில் அந்தக் கார்புரேட்டர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

பழைய அம்பாசிடர், மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் இருப்பது எஸ்.யு. கார்புரேட்டர். ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். இங்கிலாந்தில் செருப்பு, ஷூ வியாபாரம் செய்த ஸ்கின்னர் குடும்பத்துச் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. ஆரம்பத்தில் அதில் இப்போதுள்ள பிஸ்டன் கிடையாது, தோலால் செய்த துருத்தி ஒன்று இருந்ததாம். ஷூ வியாபாரி வீட்டில் தோலுக்கா பஞ்சம்! 1926இல் மோரிஸ் கார்களைச் செய்த வில்லியம் மோரிஸ் அந்தக் கம்பெனியை வாங்கினார். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழியில் வந்ததுதான் நம் அம்பாசிடர். அதன் 1489 சி.சி. இன்ஜினோடு எஸ்.யு.வும் நம்மூருக்கு வந்து சேர்ந்தது.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். ஒரு பானையின் அடியில் சிறிய ஓட்டை. அந்த ஓட்டையில் கூர்மையாகச் சீவிய குச்சி ஒன்று செருகியிருக்கிறது. குச்சியை மேலே இழுக்க இழுக்க, ஓட்டையில் நிற்கும் பகுதி மெலிந்துகொண்டே போகும். சுற்றியுள்ள இடைவெளி பெருகும். தண்ணீர் அதிகம் வரும். ஓட்டைதான் ஜெட். குச்சிதான் ஊசி. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் காற்று அதிகம் போகிறது, அந்தக் காற்றின் உறிஞ்சலில் பிஸ்டன் மேலே எழுகிறது, அதன் அடியில் தொங்கும் ஊசியும் ஜெட்டிலிருந்து மேலே வருகிறது. எவ்வளவு காற்றோ அவ்வளவு பெட்ரோல். அந்த 'அவ்வளவு' என்பதை முடிவு செய்வது ஊசியின் உருவம் ஒன்றுதான்.

எனக்கு இதில் பழக்கம் வந்த கதை வேறு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் தெருவில் ஒருவரிடம் பெஜோ 203 இருந்தது. அதற்கு சோலெக்ஸ் கார்புரேட்டர். அதைப் பழுது பார்க்க வரும் மேஸ்திரிக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. சின்னப் புத்தகம் ஒன்றை என் கையில் கொடுத்து, "முசியே, இதுல என்ன போட்டிருக்குன்னு படிங்க" என்பார். பன்னிரண்டு வயதுப் பையனை முசியே என்று கூப்பிட்டால் யார்தான் படிக்க மாட்டார்கள்? ழிக்ளேர் என்று அதில் வருவதுதான் ஜெட் என்று அவர் எனக்குச் சொன்னார். 115 என்று போட்டிருந்தால் 1.15 மில்லிமீட்டர் துளை என்று நான் அவருக்குச் சொன்னேன். சோலெக்ஸில் ஊசி கிடையாது. ஜெட்டையே மாற்ற வேண்டும். எண் பெரிதானால் துளை பெரிது, பெட்ரோல் அதிகம். குழந்தைக்கும் புரியும். அதே புத்தகத்தில் பெட்ரோல் குறைந்த கலவைக்குப் 'ஏழைக் கலவை' என்று பெயர். ஆங்கிலேயன் 'லீன்' என்கிறான், மெலிந்தது என்று பொருள். நம் பட்டறையில் 'பெட்ரோல் கம்மி'. மூன்றில் நம்முடையதுதான் தெளிவு என்பது என் அபிப்பிராயம்.

எஸ்.யு. ஊசிக்கு வந்தால் இந்தச் சௌகரியம் இல்லை. ஊசிகளுக்குப் பெரும்பாலும் எண் கிடையாது, எழுத்து: எம், இபி, ஜிஜி, ஏஎன் என்று நூற்றுக்கணக்கில். அகர வரிசைக்கும் பெட்ரோல் அளவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உதாரணத்துக்கு, 850 சி.சி. மினி காருக்குக் கம்பெனி போட்ட ஊசி இபி. அதைவிடப் பெட்ரோல் கூட வேண்டுமென்றால் எம். குறைய வேண்டுமென்றால் ஜிஜி. இதில் என்ன வரிசை இருக்கிறது? எந்த ஊசியை எடுப்பது என்று பார்க்க அட்டவணைதான் கதி. ஊசியின் தோளிலிருந்து நுனி வரை எட்டில் ஒரு அங்குலத்துக்கு ஒரு படி என்று வைத்து, ஒவ்வொரு படியிலும் ஊசியின் குறுக்களவு எவ்வளவு என்று அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கில் கொடுத்திருப்பார்கள். (இனி நான் 'பங்கு' என்று சொல்வதெல்லாம் அங்குலத்தில் இந்த ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான்.) முதன்முதலில் அந்த அட்டவணையைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இல்லை. முப்பத்தைந்து வருடம் பத்தி பத்தியாக எண்களைப் பார்த்துப் பிழைத்தவன். சொந்த ஊருக்கு வந்தது போல இருந்தது.

இனி எமரி பேப்பர் கதை.

1996 மே மாதம். என்னுடைய 1977 மார்க் 3 அம்பாசிடர் மேடு ஏறும்போதும் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதும் திக்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் விட்டேன். மேஸ்திரி கைராசிக்காரர், இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லுவார். ஊசியை வெளியே எடுத்தார். டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு, நைஸ் எமரியால் இரண்டு தேய்ப்பு. "முசியே, இப்ப பாருங்க!" பார்த்தேன். உண்மையிலேயே பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ஆனால் நின்ற இடத்தில் சைலன்ஸர் கரும்புகை கக்கியது. "அதுக்கென்ன" என்று அடியில் உள்ள ஜெட் நட்டைத் திருப்பி ஜெட்டை மேலே ஏற்றினார். புகை நின்றது. ஐட்லிங் பட்டு மாதிரி. காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் குடும்பத்தோடு திருவண்ணாமலை. வண்டியில் ஆறு பேர், டிக்கி நிறையச் சாமான், அக்கினி நட்சத்திர வெயில். செஞ்சி தாண்டியதும் ஒரு சிலிண்டர் செத்தது. தட்டுத் தடுமாறித் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்து, திரும்பி வந்து ஹெட்டைக் கழற்றினால், மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஓரம் கருகி, எலி கடித்த அப்பளம் போல இருந்தது. அந்த இன்ஜினில் நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களுக்கும் புகை வெளியே போக ஒரே வழிதான். அங்கே எப்போதும் சூடு அதிகம். கெட்டால் அங்கேதான் முதலில் கெடும். ஹெட் வேலைக்கு அந்த மாதச் சம்பளம் போனது. வீட்டில் பேச்சு வாங்கியது தனிக் கணக்கு.

ஊசியைத் தேய்த்தால் பெட்ரோல் அதிகமாகத்தானே போகும்? அதிகப் பெட்ரோலில் வால்வு எப்படிக் கருகும்? எனக்கு விளங்கவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே மைக்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு படியாக அளந்து கொடுத்தார்கள். பாரிஸில் இருந்த உறவினர் ஒருவர், அங்கே ஆங்கிலக் கார் பிரியர்களுக்கான கடை ஒன்றிலிருந்து ஊசி அட்டவணையின் நகலை அனுப்பி வைத்தார். அதோடு ஒத்துப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

தேய்ந்திருந்தது ஊசியின் தலைப்பக்கம், இரண்டாம் படியிலிருந்து நான்காம் படி வரை. ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு. ஒரு திசையில் அளந்தால் ஓர் அளவு, திருப்பி அளந்தால் வேறு. அதாவது வட்டமாகக்கூட இல்லை. ஐட்லிங்கிலும் மெதுவாகப் போகும்போதும் ஜெட்டின் வாயில் நிற்பது அந்தத் தலைப்பக்கம். அங்கே பெட்ரோல் அளவுக்கு மீறிப் போனது. அதைச் சரிக்கட்ட நட்டைத் திருப்பி ஜெட்டை ஏற்றினார் அல்லவா, அது ஊசி முழுவதையும் தடிப்பாக்கியதற்குச் சமம். தேய்க்காத நுனிப்பக்கத்தில், அதாவது பாரத்தோடு வேகமாகப் போகும்போது வேலை செய்யும் இடத்தில், ஏற்கெனவே கம்மியாக இருந்த பெட்ரோல் இன்னும் கம்மியானது. பெட்ரோல் கம்மியானால் எரிவது மந்தமாகி நெருப்பு வால்வு திறந்த பிறகும் தொடரும். வால்வு கருகாமல் என்ன செய்யும்? நின்ற இடத்தில் பட்டு மாதிரி ஓடியதே, அதுதான் என்னை ஏமாற்றியது.

அந்த ஒரு பங்கு என்ன செய்கிறது என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த வட்டத்தின் பரப்பளவுதான், வேறொன்றும் இல்லை. ஜெட்டின் துளை 90 பங்கு. ஊசி 85 பங்காக இருக்கும் இடத்தில் 84 ஆக்கினால், சுற்றியுள்ள இடைவெளி 19 சதவீதம் கூடுகிறது. அதே ஊசி நுனிப்பக்கம் 70 பங்காக இருக்கும் இடத்தில் 69 ஆக்கினால் கூடுவது 4 சதவீதம் சொச்சம்தான். தலைப்பக்கத்தில் தலைமுடி கனத்தில் பாதிகூட இல்லாத தேய்ப்பு, ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோலைக் கூட்டிவிடுகிறது. இதைக் கையால், எமரியால், காதால் செய்ய முடியும் என்று சொல்பவர் எவ்வளவு பெரிய மேஸ்திரியாக இருந்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து மேஸ்திரிகள் தேய்த்தது திமிரால் அல்ல. வேறு எழுத்து ஊசி வேண்டுமென்றால் எங்கே போவது? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் "அம்பாசிடர் நீடிலா? இந்தாங்க" என்று ஒரே ஊசியைத்தான் எடுத்துப் போடுவார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு சாமான் வரவழைப்பதென்றால் அதற்குள் வண்டிக்குச் சொந்தக்காரர் ரிட்டயர் ஆகிவிடுவார். இருக்கிற ஊசியை வைத்து வண்டியை ஓட்டிக் கொடுத்தார்களே, அது சாமர்த்தியம்தான். நான் கேட்பது, அந்தச் சாமர்த்தியம் இன்றைக்கு எதற்கு என்பதுதான். இங்கிலாந்தில் சாலிஸ்பரியில் இப்போதும் அந்த ஊசிகளைச் செய்கிறார்கள். எழுத்தைச் சொன்னால் தபாலில் வருகிறது. ஊசியின் விலையைவிடத் தபால் செலவு அதிகம் என்பது உண்மை. ஹெட் வேலைக்கு ஆகும் செலவோடு வைத்துப் பார்த்தால் இரண்டுமே ஒன்றுமில்லை.

தேய்த்த ஊசியில் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. அதன் காம்பில் பழைய எழுத்து அப்படியே இருக்கிறது. நாளைக்கு இன்னொருவர் கழற்றிப் பார்த்தால், இன்ன ஊசி என்று நம்பி அதற்கு மேல் கணக்குப் போடுவார். பதிவேட்டில் அடித்துத் திருத்திவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போடாமல் விட்டதற்குச் சமம். எங்கள் அலுவலகத்தில் இதற்கு மெமோ கொடுப்பார்கள்.

சரி, இப்போது புதுப் பெட்ரோலுக்கு வருவோம். நண்பரின் கவலை அதுதானே.

2022இல் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் என்ற நிலை வந்தது. 2025இல் அது 20 சதவீதம் ஆகிவிட்டது. இது நல்ல கொள்கையா, கெட்ட கொள்கையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. காலையில் டீக்கடையில் போதுமான அளவு நடக்கிறது. எனக்கு வேண்டியது கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. இருபது சதவீதம் கலந்தால் கலவைக்கு வேண்டிய காற்று பதிமூன்றரைக்கு இறங்குகிறது. மறுபக்கமாகச் சொன்னால், அதே காற்றுக்கு முன்னைவிட ஏழெட்டு சதவீதம் அதிகப் பெட்ரோல் வேண்டும். இன்றைய கார்களில் சைலன்ஸர் குழாயில் ஒரு சென்சார் இருந்து, கம்ப்யூட்டர் தானாகவே கூட்டிக் கொடுத்துவிடும். எஸ்.யு.வுக்குக் கம்ப்யூட்டர் ஏது? 1977இல் எந்த ஊசியைப் போட்டார்களோ அதே ஊசி, அன்றைய பெட்ரோலுக்கு அளந்து செய்தது, இன்றைக்கும் அதே அளவைத்தான் விடும். ஆகவே நம் பழைய வண்டிகள் எல்லாம் நமக்குத் தெரியாமலேயே 'ஏழை' ஆகிவிட்டன. இழுவை இல்லை, சூடு என்று நண்பர் சொன்னதில் பெரும்பங்கு இதுதான் என்பது என் ஊகம்.

நட்டைத் திருப்பி ஜெட்டை இறக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். பாதி பேர் அதைத்தான் செய்கிறார்கள். போதாது. மேலே சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள். நட்டு ஊசி முழுவதையும் ஏறக்குறைய ஒரே அளவு மெலிதாக்குகிறது. ஐட்லிங்கில் அது பெரிய சதவீதம், நெடுஞ்சாலை வேகத்தில் சின்னச் சதவீதம். ரோட்டில் வேண்டிய அளவு வரும்வரை நட்டை இறக்கினால், சிக்னலில் நிற்கும்போது கரும்புகை விட்டுப் பிளக் கருத்து நின்றுவிடும். ஏழு சதவீதம் எல்லா இடத்திலும் கூட வேண்டுமென்றால், ஊசி 82 பங்கு இருக்கும் இடத்தில் அரைப் பங்குக்குச் சற்று மேல் மெலிய வேண்டும். 75 இருக்கும் இடத்தில் ஒன்றேகால் பங்குக்குச் சற்றுக் குறைவு. 65 இருக்கும் நுனிப்பக்கத்தில் இரண்டு பங்குக்கு மேல். போகப் போக வித்தியாசம் பெருகும். அப்படிப்பட்ட ஊசி எது என்று அட்டவணையில் தேட வேண்டும். தலையில் இப்போதுள்ளதைப் போலவே இருந்து, நடுவிலிருந்து நுனி வரை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துபோகும் ஊசி. கடைக்காரரிடம் "ரிச் ஊசி கொடுங்க" என்று கேட்டால் சில சமயம் தலைப்பக்கம் மட்டும் மெலிந்ததைக் கொடுத்துவிடுவார். எங்கே ரிச் என்பதுதான் கேள்வி.

ஒரு ராத்திரி உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டில் பத்தி போட்டுப் பார்த்தேன். என் ஊசி முதல் பத்தி. பக்கத்தில் எனக்கு வேண்டிய அளவு. அதற்குப் பக்கத்தில் அட்டவணையில் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஆறு ஊசிகள். ஒன்றுகூட அச்சாகப் பொருந்தாது, மாப்பிள்ளை பார்ப்பது போலத்தான். எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கலாம் என்று நாம் முடிவு செய்ய வேண்டும். நான் ஐட்லிங்கில் விட்டுக்கொடுப்பேன், அதை நட்டு பார்த்துக்கொள்ளும். நெடுஞ்சாலை வேகத்திலும் பாரத்திலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்கே கம்மியாக இருப்பதைவிடச் சற்றுக் கூடவே இருக்கட்டும். மைலேஜ் குறையுமே என்று முகம் சுளிப்பவர்களுக்கு: எத்தனாலில் சக்தி, லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் எப்படியும் குறையத்தான் செய்யும். அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று வால்வைக் கொடுக்காதீர்கள்.

ஊசியைத் தொடுவதற்கு முன் சில வேலைகள் முடிந்திருக்க வேண்டும். டேப்பட், டைமிங், பாயின்ட். டேஷ்பாட்டில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 20 நம்பர் எண்ணெய் போதும், பலர் அங்கே எண்ணெய் விடுவது என்பதையே மறந்துவிட்டார்கள். மிக முக்கியமாகப் பட்டாம்பூச்சித் தகட்டின் கம்பி ஆட்டம் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆடினால் பக்கவாட்டில் காற்று இழுக்கும், எந்த ஊசி போட்டாலும் ஐட்லிங் நிற்காது. ஜெட்டையும் பாருங்கள். பல ஆண்டுகள் ஊசி உரசி உரசி அது முட்டை வடிவமாகியிருக்கும். ஊசி மாற்றும்போது ஜெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ஜெட்டில் புது ஊசியைப் போட்டுக் கணக்குப் பார்ப்பது வீண். புது ஊசியை மாட்டும்போது அதன் தோள் பிஸ்டனின் அடிப்பரப்போடு சமமாக நிற்க வேண்டும்; ஒரு நூல் உள்ளே போனாலும் வெளியே நின்றாலும் அட்டவணை எல்லாம் பொய்யாகிவிடும். பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்ற சத்தத்தோடு விழ வேண்டும். விழவில்லையென்றால் ஊசி ஜெட்டில் உரசுகிறது, நடுப்படுத்த வேண்டும்.

பிறகு சோதனை. ஐட்லிங்கில், இன்ஜின் சூடான பிறகு, பிஸ்டனைச் சற்றே, ஒரு நூலுக்கும் குறைவாகத் தூக்குங்கள். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். துவண்டு நின்றுபோனால் கம்மி. லேசாக ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. இது கம்பெனி சொன்ன முறை, அருமையான முறை. ஆனால் இது ஊசியின் தலையை மட்டும் பரீட்சை செய்கிறது. என் மேஸ்திரி பாஸ் போட்டதும் இந்தப் பரீட்சையில்தான்.

நுனிக்கு ரோடுதான் பரீட்சைக் கூடம். நான் போவது கிழக்குக் கடற்கரைச் சாலை. காலாப்பட்டு தாண்டி, மரக்காணம் உப்பளம் வரை. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் லாரியும் குறைவு, என்னைப் போன்ற கிழவன் காரை ஓரங்கட்டி பானெட்டைத் திறப்பதை வேடிக்கை பார்க்க ஆளும் குறைவு. பிளக்கை முதலிலேயே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரே வேகத்தில், பாரத்தோடு, நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி, பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு கிளட்ச்சை மிதித்து இன்ஜினை அணைத்து ஓரமாக உருண்டு நிற்க வேண்டும். (பழைய வண்டியில் ஸ்டியரிங் லாக் இல்லை. லாக் உள்ள வண்டியில் சாவியை உருவிவிடாதீர்கள்!) ஐட்லிங்கில் விட்டு அணைத்தால் பிளக்கில் தெரிவது ஐட்லிங்கின் நிறம், ரோட்டின் நிறம் அல்ல. பிளக்கின் பீங்கான் வெள்ளைச் சுண்ணாம்பாக இருந்தால் கம்மி. கரி படிந்திருந்தால் அதிகம். பிஸ்கட் நிறம் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து நிறம் அது. இப்போதைய பெட்ரோலில் அதைவிட வெளுப்பாகத்தான் இருக்கும்; அந்த அளவுக்குச் சலுகை கொடுங்கள்.

இளைஞர்கள் சைலன்ஸர் குழாயில் ஒரு மீட்டர் மாட்டி ஓட்டும்போதே எண்ணைப் பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு தம்பி ஒருநாள் எனக்கு மாட்டிக் காட்டினார். நல்ல சாதனம். கிடைத்தால் விடாதீர்கள். என் பிளக் நிறத்தைவிட அது நூறு மடங்கு நேர்மையானது என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்த மீட்டர் என்ன சொன்னாலும், கடைசியில் மாற்ற வேண்டியது ஊசியைத்தானே?

கார்புரேட்டரையே மாற்றிவிடலாம் என்ற யோசனைக்கு ஒரு வார்த்தை. வேறு கார்புரேட்டர் மாட்டி நன்றாக ஓடும் அம்பாசிடர்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் பெட்ரோல் இதே எத்தனால் பெட்ரோல்தான். அங்கேயும் யாராவது சரியான ஜெட்டைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஒரு பித்தளைக் குச்சியைத் தேர்ந்தெடுக்கச் சோம்பல்பட்டவர் நாலு ஜெட்டைத் தேர்ந்தெடுக்கப் போகிறாரா?

போன வாரம் நண்பர் வீட்டுக்கு நேரில் போனேன். டேஷ்பாட்டின் திருகுகளைக் கழற்றி, பிஸ்டனை எடுத்து, ஊசியை உருவினோம். பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காம்பைப் பார்த்தார். எழுத்து இருந்தது. தலைப்பக்கத்தில் வளையம் வளையமாகக் கீறல்களும் இருந்தன.

"இது என்னப்பா கோடு?"

"எமரி" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்த வேலை எப்போது நடந்திருக்கும் என்று யோசித்து, 1991ஆ 92ஆ என்று தனக்குள் கணக்குப் போட ஆரம்பித்தார். ஜெட்டும் முட்டை வடிவம்தான். ரேடியேட்டரிலும் பாதிக் குழாய் அடைத்திருக்கிறது. சூட்டுக்கு அதுவும் ஒரு காரணம், எல்லாப் பழியையும் ஊசி மேல் போட மாட்டேன். இரண்டு ஊசிகளுக்கும் ஒரு ஜெட்டுக்கும் எழுதிப் போட்டிருக்கிறோம். ரேடியேட்டர் கடையில் இருக்கிறது. பழைய ஊசியை ஒரு கவருக்குள் போட்டு, மேலே எழுத்தையும், 'தேய்த்தது, மீண்டும் மாட்ட வேண்டாம்' என்றும் எழுதித் தேதி போட்டுக் கொடுத்தேன். அதை அவர் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார். பழைய இரும்புக்காரரிடம் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியாகிவிட்டது.